நாலு விரல் இடம் இருக்கிறதே என்று பெருமைப்பட்ட கதை

என் குதிரை கருப்பியின் முதுகு பீப்பாயைப் படுக்கப்போட்ட மாதிரி இருக்கும். பொதுவாகக் குதிரைக்குக் கழுத்து முடிகிற இடத்தில் ஒரு மேடு எழும்பி நிற்கும், வித்தர்ஸ் என்பார்கள், சேணம் இடமும் வலமுமாக உருளாமல் இருக்க அதுதான் பெரிய துணை. இவளுக்கு அதைத் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அகலமான தோள், குட்டையான முதுகு, உருண்டை வயிறு, பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் சேணம் தேடப் போனால் தலைவலி. ஒன்றரை வருடத்தில் ஐந்து சேணம் ஏறி இறங்கிவிட்டது. ஆறாவதுதான் இன்றைக்கு அவள் முதுகில் இருக்கிறது. இதே வாகுள்ள குதிரையை வைத்துக்கொண்டு யாராவது மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தால் நான் செய்த தப்பையாவது செய்யாமல் இருங்கள்.

முதல் சேணத்தில் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. சேணத்தின் முன்வளைவுக்கும் முதுகுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும் என்று படித்திருந்தேன், எனக்கோ நாலு விரல் தாராளமாகப் போனது, ரொம்பப் பெருமை. மேடே இல்லாத முதுகில் அவ்வளவு இடம் எங்கிருந்து வந்தது என்று கேட்கிற புத்தி அப்போது இல்லை. சேணம் அவளுக்குக் குறுகல். கீழே இறங்கி உட்கார முடியாமல் தோளைக் கவ்விக்கொண்டு உயரத்தில் நின்றிருக்கிறது. முன்பக்கம் தூக்கியதால் இருக்கை பின்னால் சரிந்து, நான் சாய்வு நாற்காலியில் இருப்பவனைப் போல சவாரி செய்துகொண்டிருந்தேன். உட்காரத் தெரியவில்லை என்று திட்டு வேறு.

கருப்பி சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். சேணத்தைப் பிடித்துக் கட்டும் வயிற்று வாரை இழுத்தால் காதை மடக்குவாள், திரும்பிக் கடிக்க வருவாள். திமிர் என்றார்கள், நானும் நம்பினேன். டிராட், அதாவது துள்ளோட்டம், போகும்போது எட்டு வைப்பது நாளுக்கு நாள் குட்டையானது. ஒருநாள் சேணத்தை இறக்கினால் முதுகு முழுக்க வியர்வை, இரண்டு தோளுக்குப் பின்னாலும் உள்ளங்கை அளவுக்கு மட்டும் காய்ந்த திட்டு. சுற்றிலும் நனைந்து ஒரே இடம் காய்ந்திருந்தால், சேணம் அங்கே தொடாமல் இருக்கலாம், இல்லாவிட்டால் வியர்க்கவே விடாத அளவுக்கு அழுத்தலாம். எது என்று தெரிந்துகொள்ள, வாரைக் கட்டிவிட்டு என் கையைத் தட்டையாக அந்தத் திட்டு இருந்த இடத்தில் சேணத்துக்கு அடியில் நுழைத்துக்கொண்டு, கூட இருந்த பையனை அவளை நடத்தச் சொன்னேன். மூன்றாவது எட்டிலேயே கையை உருவிக்கொண்டேன். முன்னங்கால் முன்னே போகும்போது தோள்பட்டை எலும்பின் மேல்நுனி பின்னால் வரும், அது வந்து இடிக்கிற இடத்தில்தான் என் விரல்கள் இருந்தன. நான் ஏறாமலே அந்த வலி.

அதற்குப் பிறகாவது உருப்படியாக ஏதாவது செய்தேனா என்றால், இல்லை. தடிமனான மெத்தை வாங்கிப் போட்டேன். இறுக்கமான செருப்புக்குள் இரண்டு காலுறை போட்ட கதைதான். அப்புறம் 'வைடு', அதாவது அகலம், என்று எழுதியிருந்த சேணம் இரண்டு, அதற்கப்புறம் 'எக்ஸ்ட்ரா வைடு'. ஒரு நிறுவனத்தின் வைடு இன்னொரு நிறுவனத்தின் மீடியம், அந்த எழுத்தை நம்பி வாங்காதீர்கள். அதில் ஒன்று ஒரேயடியாக அகலமாகி முன்னால் குப்புற விழுந்தது. மற்றொன்று உட்கார்ந்தது என்னவோ நன்றாகத்தான், ஆனால் பத்து நிமிடத்தில் கழுத்துப் பக்கம் நகர்ந்துவிடும். நான் வாரை இன்னும் இறுக்குவேன், அவள் இன்னும் கடிக்க வருவாள்.

கடைசியில் சேணம் பொருத்திப் பார்ப்பதையே தொழிலாகச் செய்கிற ஒரு அம்மாவை வரவழைத்தேன். அவர் சேணத்தின் பக்கமே திரும்பவில்லை. சாக்கட்டி எடுத்துத் தோள்பட்டை எலும்பின் பின் ஓரத்தில் ஒரு கோடு போட்டார். கடைசி விலா எலும்பை விரலால் தேடிப் பிடித்து, அது மேலே போய் முதுகெலும்பைச் சேரும் இடத்தில் இன்னொரு கோடு. "இது ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறதுதான் தம்பி உங்க மனை. வீட்டை இதுக்குள்ளதான் கட்டணும்" என்றார். என் பதினேழரை அங்குல சேணம் பின் கோட்டைத் தாண்டி மூன்று விரல் நீட்டிக்கொண்டிருந்தது. நாலு சேணம் வாங்கும்போதும் நான் அகலத்தை மட்டும்தான் பார்த்தேன், நீளத்தைப் பற்றி நினைக்கவே இல்லை.

அடுத்து, வளைத்தால் வளைத்தபடியே நிற்கிற அளவுகோலை முதுகின் குறுக்கே அழுத்தி எடுத்து, அட்டையில் வரைந்து வெட்டினார். அட்டையை என் சேணத்தின் உள்ளே பிடித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. சேணத்துக்கு உள்ளே எலும்புக்கூடு போல இருக்கும் சட்டம் கூரை மாதிரி இருபுறமும் சரிவு, அட்டையோ வளையம் மாதிரி. அகலம் சரியாக இருந்தாலும் வடிவம் வேறு, தொடுகிற இடம் இரண்டு ஓரமும்தான்.

கழுத்துப் பக்கம் நகர்வதற்கு அவர் சொன்ன காரணம் வார். நெஞ்சுக்கூட்டின் ஒடுக்கமான இடத்தில்தான் வார் போய் உட்காரும், நாம் எங்கே கட்டினாலும் சரி. கருப்பிக்கு அந்த ஒடுக்கம் முழங்கைக்கு ஒட்டினாற்போல முன்னால் இருக்கிறது, சேணத்திலிருந்து தொங்கும் பட்டைகளோ அதற்குப் பின்னால். வார் முன்னே ஓட, சேணத்தையும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. நடுப்பகுதி முன்னோக்கி வளைந்த வார் ஒன்றைக் கட்டிக் காட்டினார், நடு அந்த ஒடுக்கத்தில் உட்கார, இரண்டு முனையும் பட்டைகளுக்கு நேராகப் பின்னால் நின்றன. இறுக்க வேண்டிய தேவையே பாதியாகக் குறைந்துவிட்டது.

அதன்பிறகும் ஐந்தாவதை அவசரப்பட்டு வாங்கி மாட்டிக்கொண்டேன், ஏறிப் பார்க்காமல், நிற்கவைத்து மட்டும் பார்த்து. நடுவில் தொடாமல் முன்னும் பின்னும் மட்டும் பாலம் போட்டு நின்றது. ஆறாவதை ஒரு வாரம் எடுத்து வைத்திருந்து, நடை, டிராட், அதைவிட வேகமான கேன்டர் எல்லாம் போய்ப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுத்தேன். வளைந்த சட்டம், முதுகைத் தொடும் அடிமெத்தையான பேனலும் குட்டை, பதினேழு அங்குல இருக்கை. எனக்குக் கொஞ்சம் நெருக்கடிதான். குட்டைச் சேணத்தில் கனமான ஆள் ஏறினால் பாரம் சின்ன இடத்தில் குவியும், அதனால் எடையிலும் நான் கொஞ்சம் இறங்க வேண்டியிருந்தது, அது தனிக் கதை.

நாலு மாதம் கழித்து அந்த அம்மா மறுபடி அட்டை வெட்டினார். பழைய அட்டையோடு ஒட்டிப் பார்த்தால் பொருந்தவில்லை. தோளுக்குப் பின்னால் குழிந்திருந்த இடத்தில் சதை பிடித்திருந்தது. சேணத்தின் அகலத்தைத் தீர்மானிக்கிற முன்பக்க இரும்பை ஒரு அளவு பெரிதாக மாற்றி, பேனலில் அமுங்கிப்போன கம்பளியையும் சரிசெய்துவிட்டுப் போனார். இப்போதெல்லாம் வார் கட்டும்போது கருப்பி திரும்புவதுண்டு, என் சட்டைப்பையில் ஏதாவது இருக்கிறதா என்று முகர. வலது தோளுக்குப் பின்னால் மட்டும், பழைய சேணம் அழுத்திய இடத்தில், பத்துப் பதினைந்து வெள்ளை முடி முளைத்திருக்கிறது. கறுப்புக் குதிரை இல்லையா, தேய்த்துவிடும்போது தினமும் கண்ணில் படுகிறது.