பாம்பு கண்ணு வெள்ளையாயிடுச்சுன்னு ஃபோன் வந்தா

நான் டொரோன்டோ பக்கத்துல ஒரு கிளினிக்குல வெட் டெக்னீஷியன். நாய் பூனை எல்லாம் நாங்க பாக்குறது இல்ல, முயல், கிளி, ஆமை, பல்லி, பாம்பு இதுங்க மட்டும் தான். நவம்பர் பாதி தாண்டிட்டா போதும், பாம்பு வச்சிருக்கவங்க ஃபோன் வரிசையா வர ஆரம்பிச்சிடும். சிட்டி சட்டப்படி 3 மீட்டருக்கு மேல வளர்ற பாம்பையும் விஷப் பாம்பையும் வீட்டுல வச்சுக்கக் கூடாது, அதனால எங்ககிட்ட வர்றதுல பாதிக்கு மேல பால் பைதான் (ball python, சின்ன ரக மலைப்பாம்பு), அடுத்து கார்ன் ஸ்நேக் (விஷமில்லாத ஒல்லியான பாம்பு). கேள்வியும் ஒரே கேள்வி தான், கண்ணு மங்கலா நீலமா ஆயிடுச்சு, சாப்பிடவும் மாட்டேங்குது, குருடாயிடுச்சா?

முக்காவாசி நேரம் ஒண்ணும் இல்ல, சட்டை உரிக்கப் போகுது அவ்ளோ தான். பாம்புக்கு இமை கிடையாது, கண்ணுக்கு மேல அந்தப் பக்கம் தெரியுற மாதிரி ஒரு செதில் இருக்கு, ஐ கேப்னு சொல்லுவாங்க, சட்டை உரிக்கிறப்ப அதுவும் சேர்ந்து தான் வரணும். பழைய தோலுக்கும் கீழ புதுசா வர்ற தோலுக்கும் நடுவுல ஒரு திரவம் சேரும், அதனால தான் கண்ணு பால் கலந்த நீலமா தெரியுது. சில நாள்ல அது தானா தெளிஞ்சிடும், தெளிஞ்சு இன்னும் சில நாள் கழிச்சு மூக்கு நுனியில ஆரம்பிச்சு உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி ஒரே துண்டா கழட்டிப் போட்டுட்டுப் போயிடும். நடுவுல கண்ணு தெளிஞ்ச உடனே சரியாயிடுச்சுன்னு நினைச்சு தூக்கி கழுத்துல போட்டுக்கிட்டு ஃபோட்டோ எடுக்குறவங்க உண்டு, அந்த நேரத்துல அதை விட்டுடுறது தான் நல்லது. மங்கலா இருக்கிற நாள்ல சரியா கண்ணு தெரியாது, எதைப் பாத்தாலும் பயந்து கொத்தும், சாப்பாடும் வேணாம்னு சொல்லும், எல்லாமே சகஜம்.

பிரச்சினை என்னன்னா இந்த ஊர் குளிர்காலத்துல அந்தச் சட்டை ஒரே துண்டா வர்றது இல்ல. வெளிய மைனஸ் 15, அந்தக் காத்துல ஈரமே கிடையாது, அதை ஃபர்னஸ் சூடு பண்ணி வீட்டுக்குள்ள விடுது, உங்க உதடே வெடிச்சுப் போயிருக்கும்போது பாம்பு என்ன பண்ணும். பால் பைதானோட ஊரு கானா, டோகோ, பெனின் அந்தப் பக்கம், பகல் முழுக்க எலி வளைக்குள்ளயும் கரையான் புத்துக்குள்ளயும் கிடக்குற ஜீவன். அதுக்கு 60 சதவீதம் ஈரப்பதமாவது வேணும், உரிக்கிற நேரத்துல இன்னும் கொஞ்சம் கூட இருந்தா நல்லது. நம்மாளுங்க கண்ணாடித் தொட்டி வாங்கி, மேல வலை மூடி போட்டு, அது மேல ஹீட் லேம்ப் வச்சிருப்பாங்க, உள்ள இருக்கிற ஈரம் பூரா அந்த வலை வழியா மேல போயிடும். ஈரப்பதம் எவ்வளவுன்னு கேட்டா உள்ள ஒட்டியிருக்கிற வட்ட முள்ளு மீட்டரைப் பாத்து சொல்லுவாங்க, அதை நம்புறதுக்கு வானத்தைப் பாத்து சொல்லிடலாம். டிஜிட்டல் ஒண்ணு வாங்குங்கன்னு சொல்றதுலயே என் பாதி வேலை போகுது.

அதனால கண்ணைப் பத்தி கேட்டு வந்தவங்ககிட்ட நான் கண்ணைப் பத்தி பேசுறது கடைசியில தான், முதல்ல தொட்டியைத் தான் பேசுவேன். மூடியில பாதிய அலுமினியம் ஃபாயில் வச்சு அடைங்க, தண்ணி கிண்ணத்தை பெருசா வைங்க, ஒரு பிளாஸ்டிக் டப்பாவுல ஓட்டை போட்டு உள்ள ஈரமான ஸ்ஃபாக்னம் பாசி போட்டு வைங்க, அதுவே போய் உக்காந்துக்கும். சில பேருக்கு ஒரே அடியா ஊத்தி சேறாக்கி வைக்கிற பழக்கம், அப்புறம் வயித்துச் செதில் அழுகிப் போய் வேற ஒரு பில்லோட வருவாங்க.

ஒரு தடவை யாழ்ப்பாணத்து அம்மா ஒருத்தங்க பையனோட வந்தாங்க. பையனுக்கு 15, 16 வயசு இருக்கும், கார்ன் ஸ்நேக் அவனோடது, உடம்பெல்லாம் தோல் துண்டு துண்டா ஒட்டியிருக்கு, ரெண்டு கண்ணும் மங்கல். அந்த அம்மா வீட்டுக்குள்ள பாம்பு இருக்கிறதையே ஏத்துக்கலைன்னு முகத்துலயே தெரியுது, ஆனா டப்பாவை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கிறதும் அவங்க தான். "பாவம் தம்பி, கண்ணைத் திறக்கேலாமக் கிடக்குது, கொஞ்சம் நல்லெண்ணெய் பூசட்டோ?"ன்னு கேட்டாங்க. எண்ணெய் வேணாம்மா, வெறும் தண்ணி தான் மருந்துன்னு சொல்லி, 28, 30 டிகிரியில வெதுவெதுப்பா ஆழம் கம்மியா தண்ணி விட்டு ஒரு இருபது நிமிஷம் கிட்டயே இருந்து ஊற வச்சு, அப்புறம் ஈரத் துண்டுக்குள்ள விட்டோம், அது துணியில உரசிக்கிட்டு ஊர்ந்து ஊர்ந்து பாதித் தோலை அதுவே கழட்டிடுச்சு. வால் நுனிய மட்டும் நான் தனியா பாத்து எடுத்தேன், அங்க தோல் வளையமா இறுகி நின்னுச்சுன்னா ரத்தம் போகாம நுனியே செத்துப் போயிடும். கண்ணுல ஒண்ணும் கை வைக்கலை. கண்ணுக்குப் போட ஜெல் குடுத்து, டப்பால பாசி போடச் சொல்லி அனுப்பிட்டோம், அடுத்த உரிப்புல ரெண்டு ஐ கேப்பும் வந்துடுச்சு, தோலை ஜிப்லாக் கவர்ல போட்டு அந்த அம்மா தான் கொண்டு வந்து காட்டினாங்க. தலைப் பக்கத் தோலை விரிச்சுப் பாத்தா கண்ணு இருக்கிற இடத்துல ரெண்டு வட்டம் மூடி இருக்கணும், வெறும் ஓட்டையா இருந்தா ஐ கேப் இன்னும் பாம்பு மேல தான் இருக்கான்னு பாக்கணும். அதனால உரிச்ச தோலைத் தூக்கிப் போடாதீங்க.

கண்ணுல கை வைக்காம இருக்கிறது தான் மனுஷங்களுக்கு முடியாத காரியமா இருக்கு. வீடியோ பாத்துட்டு செலோ டேப் ஒட்டி இழுக்கலாமா, ட்வீசர் வச்சு எடுக்கலாமான்னு கேப்பாங்க, கேக்குறவங்க பரவாயில்ல, பண்ணிட்டு வர்றவங்க தான் கஷ்டம். ஃபோன்ல ஸ்க்ரீன் கார்டு மேலயே இன்னொரு ஸ்க்ரீன் கார்டு ஒட்டின மாதிரின்னு தான் நான் சொல்லிப் புரிய வைக்கிறது, மேல இருக்கிற பழசை எடுக்கிறேன்னு நகத்தைக் குடுத்தா எது எதோட வருதுன்னு உங்களுக்குத் தெரியாது. ஒரு பால் பைதான் அப்படி வந்துச்சு. உண்மையில அதுக்கு ஐ கேப் ஒட்டிக்கிட்டே இல்ல, தண்ணி பத்தாம அந்தச் செதில் லேசா உள்வாங்கி சுருக்கமா தெரிஞ்சிருக்கு, அடுத்த உரிப்புல அதுவே சரியாகியிருக்கும். அதை வளர்க்கிறவர் டேப் ஒட்டி இழுத்ததுல வந்தது பழசு இல்ல, இருந்த ஒரே செதில். கீழ கருவிழி திறந்து கிடக்கு, இமையும் இல்ல, மூட வேற எதுவும் இல்ல, காஞ்சு புண்ணாகி கிருமி போய் கடைசியில டாக்டர் அந்தக் கண்ணையே எடுக்க வேண்டியதாப் போச்சு. வளர்க்கிறவர் அழுதுட்டார், இனிமே இது எப்படி சாப்பிடும்னு. அது நல்லா தான் சாப்பிடுது, பால் பைதானுக்கு மேல் உதட்டுல சூட்டை உணர்ற குழி இருக்கு, வெதுவெதுப்பா எலி காட்டினா இருட்டுலயே பிடிச்சிடும்.

அந்தச் செதில் ஏதோ செத்த தோல்னு நினைக்கிறது தான் தப்பு, அதுக்குள்ள ரத்தக் குழாய் ஓடுது. எங்க ஒன்டாரியோவுலயே வாட்டர்லூ பல்கலைக்கழகத்துல கெவின் வான் டோர்ன், ஜேக்கப் சிவக்னு ரெண்டு பேர் 2013ல இதைப் பத்தி எழுதினாங்க. ஆள் கிட்ட போய் பாம்பு உஷாரானா அந்தக் குழாய் எல்லாம் சுருங்கி ரத்த ஓட்டம் குறையுதாம், பார்வை மறைக்காம இருக்கத் தான்னு சொல்றாங்க, சட்டை புதுசாகுற நாள்ல மட்டும் நிக்காம நல்லா ஓடுதாம். இதைப் படிச்சதுக்கு அப்புறம் டேப்னு யாராவது சொன்னாலே எனக்கு பத்திக்கிட்டு வரும்.

ஆனா காத்திருங்க காத்திருங்கன்னு எல்லாருக்கும் சொல்லவும் முடியாது. ஒருத்தங்க, அடுத்த உரிப்பு வரைக்கும் வெயிட் பண்ணுங்கன்னு எங்கயோ படிச்சுட்டு வாரக்கணக்கா வெயிட் பண்ணிட்டு வந்தாங்க, ஒரு கண்ணு மட்டும் உப்பி மஞ்சளா இருக்கு. டாக்டர் கண்ணைப் பாத்த கையோட வாயைத் திறந்து பாத்தார், அவங்களுக்கு ஒண்ணும் புரியலை. பாம்புக்கு கண்ணீர் வெளிய வடியாது, அந்தச் செதிலுக்கும் கருவிழிக்கும் நடுவுலயே ஓடி ஒரு சின்னக் குழாய் வழியா வாய்க்குள்ள இறங்கிடும். அதனால வாய்ப்புண்ணு வந்தா கிருமி அதே குழாய்ல மேல ஏறி செதிலுக்குக் கீழ சீழ் கட்டும், குழாய் அடைச்சுக்கிட்டா வெறும் கண்ணீரே தேங்கி கண்ணு பலூனாகும். இதுக்கு வாயிலயும் புண்ணு இருந்துச்சு. மயக்க மருந்து குடுத்து செதிலோட கீழ் ஓரத்துல ஒரு சின்ன ஆப்பு மாதிரி வெட்டி எடுத்து, உள்ள இருந்த சீழைக் கழுவி விட்டார், பாம்போட சீழ் நம்ம மாதிரி தண்ணியா வடியாது, கெட்டியா இருக்கும், அதனால தான் வெறும் ஊசி மருந்து மட்டும் போட்டா அது கரையாது. அது பிழைச்சுடுச்சு, கண்ணும் தான்.

இன்னொண்ணு உண்ணி. பாம்பு நாள் பூரா தண்ணி கிண்ணத்துலயே கிடக்குதுன்னா கிண்ணத்து அடியில கருப்பா புள்ளி புள்ளியா இருக்கான்னு பாக்கச் சொல்லுவேன், கண்ணைச் சுத்தி இருக்கிற பள்ளத்துல தான் அதுங்க போய் ஒளிஞ்சுக்கும், உரிப்பும் கெட்டுப் போகும். மருந்து எழுதுறதுக்கு முன்னாடி வீட்டுல ஆமை இருக்கான்னு கட்டாயம் கேப்போம், பாம்புக்குக் குடுக்கிற ஐவர்மெக்டின் ஆமைக்கு விஷம்.

இப்பல்லாம் ஃபோன் எடுத்ததும் நான் கேக்கிற முதல் கேள்வி ரெண்டு கண்ணும் ஒரே மாதிரியா, ஒண்ணு மட்டுமா. ரெண்டும் ஒரே மாதிரி மங்கல், உடம்பும் நிறம் செத்து வயிறு லேசா ரோஸா இருந்தா, தொட்டியைச் சரி பண்ணிட்டு சும்மா இருங்க. ஒரு கண்ணு மட்டும்னாலோ, வீங்கியிருந்தாலோ, வாயோரம் எச்சில் கட்டியிருந்தாலோ இன்னைக்கே கிளம்பி வாங்க. ஃபோட்டோ அனுப்புறவங்க ரெண்டு பக்கமும் தனித்தனியா எடுங்க, ஃப்ளாஷ் போடாதீங்க, ஃப்ளாஷ் பட்டா அந்தச் செதில் நல்ல கண்ணுலயும் வெள்ளையாத் தான் தெரியும். வர்றப்ப பாம்பை மறக்காம துணிப்பையில போட்டு உங்க கோட்டுக்குள்ள வச்சுக்கிட்டு வாங்க, கார் சூடாகிற வரைக்கும் அதுக்குத் தாங்காது.