கப்பல் தாத்தா கப்பலில் ஏறியது பயணியாகத்தான்

புதுச்சேரியை அடுத்த பாகூரில் அத்தை வீட்டுக்குப் பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது பரணிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டி இறங்கியது. உள்ளே கறுப்புத் தாள் ஆல்பம். அதில் அப்பாவைப் பெற்ற தாத்தாவின் படங்கள் ஐந்து. நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டவர். வீட்டில் அவருக்குக் கப்பல் தாத்தா என்று பெயர். தொப்பியில் நங்கூரம் இருக்கிறதே, கப்பற்படையில்லாமல் வேறென்ன என்பது அத்தையின் வாதம். சித்தப்பாவோ பர்மா சண்டை என்பார். எங்கள் பக்கத்தில் எந்த வீட்டுத் தாத்தாவைப் பற்றிக் கேட்டாலும் பர்மாவுக்குப் போய்வந்தவர் என்றுதான் சொல்வார்கள்.

எடுத்த எடுப்பிலேயே ஒரு தவறு செய்தேன். பின்னால் ஏதாவது எழுதியிருக்கும் என்ற அவசரத்தில் ஒரு படத்தை நகத்தால் கிளப்பினேன். பசை விடவில்லை, முதுகுத் தாள் பிய்ந்து ஆல்பத்திலேயே தங்கிவிட்டது. படத்தோடு வந்தது பென்சிலில் "46 மாசி" என்பது மட்டும். மற்ற நான்கையும் பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூலை அடியில் கொடுத்து, ரம்பம்போல் இழுத்து எடுத்தேன். ஒரு படத்துக்கு அரை மணி நேரம். அதன்பின் 1200 டிபிஐயில் ஸ்கேன்.

பெரிதாக்கிப் பார்த்ததும் அத்தையின் கப்பல் கவிழ்ந்தது. சோலாத் தொப்பியில் நங்கூரம், சரி. ஆனால் சட்டைக் காலரில் 11 என்ற எண். பிரான்சின் காலனியப் படைகள் 1900 வரை கடற்படை அமைச்சகத்தின் கீழ் இருந்தவை. தரைப்படைக்கு மாறிய பிறகும் நங்கூரச் சின்னத்தை விடவில்லை. 11ஆம் காலனியக் காலாட்படை ரெஜிமென்ட் நிலைகொண்டிருந்தது அப்போது பிரான்சின் கையிலிருந்த வியட்நாமின் சைகோனில். ஓர் அட்டையின் மூலையில் அழுத்திப் பதித்த முத்திரை வெறும் கண்ணுக்குத் தெரியவில்லை. விளக்கை அணைத்து டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தபோது எழுத்துகள் நிழலாக எழுந்தன: கத்தினா தெரு, சைகோன். ஆக, புதுச்சேரியில் சொல்வதுபோல் அவர் ஒரு சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படைவீரர்.

குழுப் படத்தில் நான் ஆட்களை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தேன். ஜெர்மனியிடம் பிரான்ஸ் பணிந்தபோது ஆட்சிக்கு வந்த மார்ஷல் பெத்தேனின் படம் வெள்ளை மீசையோடு மாட்டியிருக்கிறது. அப்படியானால் 1940 நடுப்பகுதிக்குப் பின், 1945 மார்ச்சுக்கு முன். இங்கேதான் எனக்குத் தூக்கம் போனது. 1940 செப்டம்பரில், பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியின் ஆளுநர் பொன்வேன், ஜெர்மனியை எதிர்த்துப் போரைத் தொடர்ந்த தெ கோல் பக்கம் சேர்ந்துவிட்டார். சைகோன் அடங்கிய பிரெஞ்சு இந்தோசீனாவோ பெத்தேன் பக்கம். பாகூரில் இருந்த கொள்ளுத்தாத்தாவும் சைகோனில் இருந்த மகனும் ஒரே பிரான்சின் இரண்டு எதிர்த் தரப்புகளில்! 1945 மார்ச் 9 அன்று ஜப்பானியர் அங்கிருந்த பிரெஞ்சுப் படைகளை ஆயுதம் பறித்து அடைத்தார்கள். செப்டம்பரில் சைகோனில் வந்திறங்கி அவர்களை வெளியே விட்டது பிரிட்டிஷாரின் 20ஆவது இந்திய டிவிஷன். அது பர்மாவில் சண்டையிட்ட படை. சித்தப்பாவின் பர்மா ஒருவேளை அங்கே ஒட்டிக்கொண்டதாக இருக்கலாம். இது என் ஊகம்தான்.

இனி ஆவணம். பிரெஞ்சுப் படைவீரர்களின் கோப்புகள் பிரான்சில் 'போ' என்ற ஊரில் இருக்கின்றன. ஊரின் பெயரே விரட்டுவதுபோல் இருக்கிறது. இணையத்தில் தாத்தா பெயரை நம் வழக்கப்படி ஆங்கிலத்தில் அடித்து ஒரு மாதம் வீணாக்கினேன். பிரெஞ்சில் 'உ' ஓசைக்கு ஓ, யு என இரண்டு எழுத்துகள் வேண்டும். முருகு என்று தொடங்கும் பெயருக்கு மூன்று இடத்தில் அது வரும். பிறப்புப் பதிவேட்டின் நகலைப் பார்த்த பிறகுதான் இது உறைத்தது. அதே எழுத்துக்கூட்டலில் கடிதம் அனுப்பி ஆறு வாரமாகிறது.

ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட முதுகுத் தாளை ஈரப்படுத்திப் பிரிக்கலாம் என்கிறார்கள். "46 மாசி" என்பதற்கு முன்னால் என்ன எழுதியிருந்தார் என்று தெரிந்துவிடும். கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து வைத்து இரண்டு முறை திரும்பக் கொட்டிவிட்டேன்.