பட்டாளத்திலிருந்து பட்டறைக்கு

ஓய்வு பெற ஓரிரு ஆண்டுகளே இருக்கும் நிலையில் என்னைத் தொலைபேசியில் அழைக்கும் இளைய அதிகாரிகளும் சுபேதார்களும் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: தரைப்படையில் கழித்த காலத்துக்கு நம் கொங்கு நாட்டுத் தொழிற்சாலைகளில் என்ன மதிப்பு இருக்கிறது? சீருடையைக் கழற்றிய பிறகு அரசூர், குறிச்சி, பெருந்துறைப் பக்கத்து ஆலைகளிலும் வார்ப்படத் தொழிற்சாலைகளிலும் மேற்பார்வையாளர்களுக்குத் தலைமைப் பயிற்சி அளிப்பதையே தொழிலாகக் கொண்டிருப்பதால், ஒவ்வொருவரிடமும் தனித்தனியே சொல்லி வருவதை இங்கே விரிவாக எழுதிவிடுகிறேன்.

முன்னாள் படைவீரரை வேலைக்கு அழைக்கும் முதலாளிகள் முதலில் எதிர்பார்ப்பது ஒழுங்கைத்தான். "நீங்க வந்தா ஆளுங்க நேரத்துக்கு வருவாங்க, சத்தம் போடாம வேலையப் பாப்பாங்க" என்பதைச் சற்று வேறு வேறு சொற்களில் பலரும் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். இந்த எதிர்பார்ப்பு நம்மைப் பெரும்பாலும் காவல், போக்குவரத்து, பொது நிர்வாகம் ஆகிய துறைகளில் கொண்டுபோய் உட்கார வைக்கிறது. 1986-இல் தமிழக அரசு தொடங்கிய டெக்ஸ்கோ நிறுவனமும் முன்னாள் படைவீரர்களுக்குப் பெரும்பாலும் காவல் பணியையே பெற்றுத் தருகிறது. அது மதிப்புக்குரிய பணி. எத்தனையோ குடும்பங்களைத் தாங்கி நிற்கும் பணி. ஆனால் ராணுவம் மற்ற எந்த அமைப்பையும்விடச் சிறப்பாகச் செய்வது ஒழுங்கை நிலைநாட்டுவதை அன்று. அடுத்த தலைவனை, அவனுக்குப் பதவி கிடைப்பதற்கு முன்பே, உருவாக்கி வைப்பதைத்தான் அது சிறப்பாகச் செய்கிறது.

காலாட்படையில் ஏறத்தாழப் பத்துப் பேர் கொண்ட ஒரு செக்‌ஷனுக்கு ஒரு ஹவில்தாரோ நாயக்கோ தலைவராக இருப்பார். அந்தப் பட்டை தோளுக்கு வருவதற்கு முன் அவர் பதவி உயர்வுக்கான பயிற்சித் தேர்வான பிரமோஷன் கேடரில் தேற வேண்டும். வரைபடம் படிக்கவும், ஆயுதங்களைக் கையாளவும், தெளிவாக உத்தரவு கொடுக்கவும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பிறருக்குச் சொல்லிக் கொடுக்கவும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு மேல், பெலகாவியில் உள்ள ஜூனியர் லீடர்ஸ் விங் போன்ற பயிற்சி நிலையங்களுக்கும் தேர்ந்தெடுத்து அனுப்புவார்கள். இத்தனை ஏற்பாட்டுக்கும் காரணம் எளிமையானது. சண்டையில் செக்‌ஷன் தலைவர் விழுந்துவிட்டால், அடுத்த நொடியே இன்னொருவர் அந்த இடத்தை ஏற்க வேண்டும்; அந்த இன்னொருவரை அப்போது தேடிக்கொண்டிருக்க முடியாது.

நம் தொழிற்சாலைகளில் நடப்பது என்ன? மோல்டிங்கில் கைதேர்ந்தவரையோ கணினி வழி இயங்கும் சி.என்.சி. இயந்திரத்தைப் பிழையில்லாமல் ஓட்டுபவரையோ, அவருடைய திறமைக்குப் பரிசாக, ஒரு திங்கட்கிழமை காலையில் சூப்பர்வைசர் ஆக்கிவிடுகிறார்கள். சம்பளம் கூடுகிறது, சட்டையின் நிறம் மாறுகிறது, வேறு எதுவும் அவருக்குக் கொடுக்கப்படுவதில்லை. நேற்றுவரை கூட உட்கார்ந்து டீ குடித்தவர்களிடம் இன்று எப்படி வேலை வாங்குவது என்று தெரியாமல், சிக்கலான வேலையையெல்லாம் தாமே இழுத்துப் போட்டுச் செய்கிறார். சில மாதங்களில் நிறுவனம் ஒரு நல்ல ஆபரேட்டரை இழந்திருக்கும். அதற்கு ஈடாக ஒரு நல்ல சூப்பர்வைசரைப் பெற்றிருக்காது.

இந்த இடைவெளியில்தான் நமக்கு வேலை இருக்கிறது. ஒரு ஹவில்தார் துப்பாக்கியைச் சொல்லிக் கொடுக்கும் முறையை நினைத்துப் பாருங்கள்: பயான், நமூனா, அப்யாஸ் என்று முதலில் விளக்கி, பிறகு செய்து காட்டி, பிறகு எதிரில் இருப்பவரைச் செய்ய வைத்து, கை பழகும்வரை விடமாட்டார். இரண்டாம் உலகப் போரின்போது, 1940 முதல் 1945 வரை, அமெரிக்கா தன் ஆயுதத் தொழிற்சாலைகளுக்குள் வெள்ளமாக வந்து சேர்ந்த புதிய தொழிலாளர்களைப் பழக்குவதற்கு மேற்பார்வையாளர்களுக்கு ஏறக்குறைய இதே வரிசையைத்தான் கற்றுக்கொடுத்தது. போருக்குப் பின் அந்தப் பயிற்சித் திட்டம் ஜப்பானுக்குச் சென்று டொயோட்டாவின் உற்பத்தி முறையிலும் இடம் பிடித்தது. ஆகவே, இதைப் பட்டாளத்து வழக்கம் என்று ஒதுக்கும் மேலாளர்களிடம், அவர்கள் போற்றும் ஜப்பானிய முறையின் வேர்களில் ஒன்று இதே வரிசைதான் என்று நான் தயங்காமல் சொல்கிறேன்.

எல்லாவற்றிலும் கடினமான பகுதி முதலாளிதான். இதைக் குறையாகச் சொல்லவில்லை. இந்த மண்டலத்தின் பம்ப்செட், வார்ப்படம், பின்னலாடைத் தொழில்களில் பெரும்பகுதியைக் கட்டியெழுப்பியவர்கள் தாமே லேத்தில் நின்று வளர்ந்தவர்கள். இயந்திரத்தின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லக்கூடியவர்கள். அப்படிப்பட்டவர் காலையில் ஷெட்டுக்குள் நடந்து வரும்போது, ஓர் ஆபரேட்டரிடம் நேராகவே, "தம்பி, இத நிறுத்திட்டு அந்த ஆர்டரப் போடுப்பா" என்று சொல்லிவிட்டுப் போகிறார். சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் சூப்பர்வைசரின் சொல்லுக்கு இருந்த மதிப்பு போய்விடுகிறது. அடுத்த முறை அவர் எதைச் சொன்னாலும், "மொதலாளி வரட்டும்ங்க" என்ற பதில்தான் வரும். படையில் பல செக்‌ஷன்களுக்கு மேலிருக்கும் ஒரு கம்பெனி கமாண்டர் செக்‌ஷன் தலைவரைத் தாண்டி ஒரு ஜவானுக்கு உத்தரவு கொடுப்பதில்லை. அவசரமாகக் கொடுக்க நேர்ந்தாலும் உடனே அந்தத் தலைவரிடம் சொல்லிவிடுவார். இதை முதலாளியிடம் பேசும் துணிவும், மரியாதை குறையாமல் பேசும் பக்குவமும் இல்லையென்றால், சூப்பர்வைசர்களுக்கு எத்தனை வகுப்பு எடுத்தாலும் பயனில்லை. ஆகையால் நான் எந்தத் தொழிற்சாலையிலும் முதல் உரையாடலை முதலாளியோடும், பெரும்பாலும் படித்துவிட்டு வந்து தந்தைக்கு அருகில் அமர்ந்திருக்கும் மகனோடும் மகளோடும்தான் தொடங்குகிறேன்.

ராணுவத்திலிருந்து அப்படியே எடுத்து வர முடியாதவையும் உண்டு. நம் உத்தரவுகளுக்குப் பின்னால் 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டம் நின்றது. ஜவான் நினைத்த நாளில் விலகிப் போக முடியாது. ஷிஃப்டுக்கு நூறு ரூபாய் கூடக் கிடைத்தால் அடுத்த சந்தில் இருக்கும் யூனிட்டுக்குப் போய்விடக்கூடிய தொழிலாளரிடம் அந்த அதிகாரம் செல்லாது. இங்கே தலைமை ஏற்பது படையில் ஏற்பதைவிட ஒரு வகையில் கடினமானது என்றே நான் கருதுகிறேன். ஆனால் ஒன்று முழுமையாகச் செல்லும். 1932-இல் டேராடூன் ராணுவ அகாடமியைத் தொடங்கி வைத்துப் பேசிய ஃபீல்டு மார்ஷல் செட்வுட், நாடு முதலில், தன் கீழுள்ள வீரர்களின் நலன் அடுத்து, தன் சொந்த நலன் எப்போதும் கடைசியில் என்றார். படையின் சமையற்கூடமான லங்கரில் உணவைச் சுவைத்துப் பார்த்த பழக்கம் உள்ளவர், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர்களின் விடுதியில் தண்ணீர் வருகிறதா, காய்ச்சலில் படுத்திருப்பவருக்கு மருந்து கிடைத்ததா என்று பார்க்காமல் இருக்க மாட்டார். நாம் அவர்களோடு இந்தியில் பேச முடிவது கூடுதல் பலம். எனினும் பேசுவதைவிடப் போய்ப் பார்ப்பதுதான் அவர்களை இங்கே தங்க வைக்கிறது.

கோவை ரெட்ஃபீல்ட்ஸ் சாலையில் கடற்படையின் தலைமைப் பண்புப் பயிற்சி நிலையமான ஐ.என்.எஸ். அக்ரணி இருக்கிறது, அருகிலேயே விமானப்படை நிர்வாகக் கல்லூரி. உடுமலைக்குத் தெற்கே அமராவதி நகரில் 1962 முதல் சைனிக் பள்ளி நடக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறினால் முப்படை அதிகாரிகள் பயிலும் கல்லூரி இருக்கும் வெலிங்டன். இத்தனை நிறுவனங்களுக்கு நடுவே இருந்தும் நம் ஊர்த் தொழிலகங்கள் அவற்றிலிருந்து கற்றுக்கொண்டது மிகக் குறைவு என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

அதிகாரிகளாக ஓய்வு பெறுபவர்கள் பாதுகாப்பு அமைச்சகத்தின் மறுவாழ்வு இயக்குநரகம் வழியாக மேலாண்மைக் கல்வி நிறுவனங்களில் நடக்கும் படிப்புகளை அவசியம் பயன்படுத்திக்கொள்ளுங்கள். நிதியும் வணிகமும் பேசும் மொழி அங்கே பிடிபடும். அதோடு, ஏதாவது ஒரு தொழிற்சாலையில் சில வாரங்கள் இரவு ஷிஃப்டில் நிற்க அனுமதி கேட்டுப் பெறுங்கள். பெயருக்கு முன்னால் இருக்கும் பதவி வாயிற்கதவைத் திறக்கும். உள்ளே போன பிறகு, ஒரு பீஸ் ஏன் ரிஜெக்ட் ஆகிறது என்பது உங்களுக்குப் புரிகிறதா என்றுதான் பார்ப்பார்கள். வேலையைப் பெரிதாகக் கேட்காதீர்கள். ஒரு லைன், ஒரு ஷிஃப்ட், ஒரு சூப்பர்வைசர், அவருக்கு அடுத்து வரக்கூடிய இருவர் என்று கேட்டு வாங்குங்கள். ஆறு மாதம் கழித்து அந்த சூப்பர்வைசரை ஒரு வாரம் விடுப்பில் அனுப்பச் சொல்லி, அந்த வாரம் லைன் எப்படி ஓடியது என்பதை வைத்து என் வேலையை அளந்துகொள்ளுங்கள் என்றுதான் நான் முதலாளிகளிடம் சொல்லி வருகிறேன்.