எந்தத் தரைக்குக் கோடு?

ஏரி வற்றிக் கிடந்தால் உள்வாயில் இறங்கி ஆழத்தையும் வண்டலையும் நடந்தே அளந்துவிடலாம். பாலாற்று அணைக்கட்டுத் தண்ணீர் வந்து காவேரிப்பாக்கம் மாதிரி ஒரு ஏரி நிரம்பிவிட்டால், ஒலி அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தால் ஆழம் அளக்கும் எக்கோ சவுண்டரைப் படகில் கட்டிக்கொண்டு சுற்ற வேண்டியதுதான். சுற்றுவது பெரிய வேலையில்லை. அந்தப் பதிவில் ஏரியின் தரை எங்கே என்று மென்பொருளில் தரைக்கோடு போட உட்காரும்போதுதான் வம்பு.

மென்பொருள் செய்வது இவ்வளவுதான்: ஒவ்வொரு பிங்கிலும் (கருவி ஒரு முறை அனுப்பும் ஒலி) எதிரொலி மிகப் பலமாக உள்ள இடத்தைப் பிடித்து, அங்கிருந்து மேலே ஏறி, நாம் கொடுத்த டெசிபல் (ஒலியின் பலத்தைச் சொல்லும் அளவு) எல்லைக்குப் பலம் குறையும் இடத்தில் புள்ளி வைக்கும். -50 கொடுத்தால் ஒரு தரை. -40 கொடுத்தால் சற்றுக் கீழே இன்னொரு தரை. பாறைமேல் இரண்டும் ஏறக்குறைய ஒட்டியே வரும். ஏரியில் மேலே கூழ்ச் சேறு, அடியில் வண்டல், அதற்கும் அடியில் கெட்டி மண். 200 கிலோஹெர்ட்ஸ் ஒலி கூழின் தலையிலேயே திரும்பிவிடும். 33 கிலோஹெர்ட்ஸ் ஒலி உள்ளே இறங்கும். இரண்டு கோட்டுக்கும் இடைப்பட்டதை வண்டல் என்று கணக்கு எழுதுவார்கள். ஆனால் ஒரு பிங்கில் ஒலி நீடிக்கும் நேரம் (பல்ஸ்) 0.4 மில்லிசெகண்ட் என்றால் 30 செ.மீ.க்கும் நெருக்கமான இரண்டு அடுக்குகள் ஒன்றாகவே தெரியும். கோடையில் முளைத்த புல் மழைத் தண்ணீரில் மூழ்கி அழுகினால் சேற்றுக்குள் வாயுக் குமிழி சேரும். குமிழி இருக்கும் இடத்தில் 33-உம் உள்ளே போகாது. அங்கே வண்டலே இல்லை என்று வரைபடம் சொல்லும், நம்பக் கூடாது. அடியில் தட்டு வைத்த மூங்கில் கழியால் நாலைந்து இடத்தில் குத்திப் பார்த்த அளவு கையில் இல்லாமல் டெசிபலைத் தேர்ந்தெடுப்பது குருட்டாம்போக்கு.

ஒலி வேகத்தில் அலட்சியம் கூடாது. 28 டிகிரி நன்னீரில் ஒலி வினாடிக்குச் சுமார் 1505 மீட்டர் போகும். கடல் வேலை முடிந்து வந்த கருவியில் 1540 அப்படியே கிடந்தால், 5 மீட்டர் ஆழத்தில் 11 செ.மீ.க்கு மேல் கூடுதலாகக் காட்டும்.

ஆழம் குறைந்த ஏரியில் இரண்டாம் எதிரொலி இன்னொரு தொல்லை. 3 மீட்டரில் தரை என்றால் 6 மீட்டரில் அதன் நிழல் நிற்கும். தூரத்து எதிரொலியைக் கூட்டிக் காட்டும் பெருக்கத்தை அதிகம் வைத்தால் நிழல் நிஜத்தைவிடப் பிரகாசமாகி, கோடு கீழே குதிக்கும். தேடும் ஆழத்துக்கு ஒரு உச்சவரம்பு போட்டால் தீர்ந்தது.

வண்டல் அள்ளிய குழிகளில்தான் உண்மையான சிரமம். செங்குத்தாக வெட்டிய 10 மீட்டர் சதுரக் குழி, 1 மீட்டர் ஆழம், விளிம்பு டிரான்ஸ்டியூசருக்கு (ஒலியை அனுப்பி வாங்கும் பாகம்) கீழே 3 மீட்டரில் என்று வைத்துக்கொள்வோம். 9 டிகிரி ஒலிக்கற்றை அந்த ஆழத்தில் 47 செ.மீ. அகலம் விரியும். படகு குழிக்குமேல் வந்த பிறகும் 23 செ.மீ. வரை விளிம்பின் எதிரொலியே முதலில் திரும்பும். முதல் எதிரொலியைப் பிடிக்கும் முறையில் நாலு பக்கமும் குழி சுருங்கி, 100 கன மீட்டரில் ஏறக்குறைய 9 காணாமல் போகும். பலமான எதிரொலியைப் பிடிக்கும் முறை முன்பே கீழே இறங்கிவிடும். 33-இல் கற்றை இன்னும் அகலம், ஆகவே விளிம்பை அதில் வரையவே கூடாது. விநாடிக்கு 5 பிங், படகு விநாடிக்கு 1 மீட்டர் என்றால் 20 செ.மீ.க்கு ஒரு புள்ளி கிடைக்கும். அதற்குமேல் 15 பிங் சராசரி போட்டு வழவழப்பாக்கினால் செங்குத்துச் சுவர் 3 மீட்டர் சரிவாகிவிடும். ஒற்றைப் பிங் குதிப்புகளை நீக்க 3 பிங் இடைநிலை வடிகட்டி (மூன்றில் நடு மதிப்பை எடுப்பது) போதும். அது விளிம்பைக் கெடுக்காது. திரையில் அழகாக இருக்கிறதே என்று வழவழப்பாக்கும் பழக்கம் பலருக்கு உண்டு.

தரையை ஒட்டி நிற்கும் ஜிலேபி மீன் கூட்டம் கோட்டைச் சற்று மேலே தள்ளும். மூழ்கிய வேலிகாத்தான் புதர் இன்னும் மோசம்: கிளைக்குக் கிளை தாவி கோடு ரம்பப் பல்லாகும். டெசிபலை மாற்றிச் சரிசெய்யப் பார்த்தால் மற்ற இடமெல்லாம் கெடும். புதருக்கு இருபுறமும் தரை தெளிவாகத் தெரியும் பிங்குகளைச் சேர்த்துக் கையால் வரைவதே மேல். அப்படி வரைந்த பகுதியைத் தனி நிறத்தில் விட வேண்டும். அன்றைக்கு மதகுக் கல்லில் தண்ணீர் நின்ற மட்டத்தையும் கோப்பிலேயே எழுதி வைக்க வேண்டும். அந்த மட்டம் இல்லாவிட்டால், ஏரி நிரம்பி வழிந்து கோடி போன நாளில் எடுத்த ஆழத்தையும் தை மாதத்தில் எடுத்த ஆழத்தையும் ஒப்பிட வழியே கிடையாது.