நேற்றைய எண்

தஞ்சாவூர் மாவட்டத்து மருத்துவமனை ஒன்றின் ஆய்வகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், இரத்தம் உறைகிறதா என்று பார்ப்பதென்றாலே எங்களுக்குப் பாம்புக்கடிதான். வரப்பில் கண்ணாடிவிரியன் கடித்தவரை அழைத்து வந்ததும், 2 மில்லி இரத்தத்தைப் புதிய, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்திருந்து, ஒருமுறை சாய்த்துப் பார்ப்போம். உறைந்திருக்கும், இல்லையென்றால் தண்ணீராய் ஓடும். விரியனின் நஞ்சு உறைதல் காரணிகளைத் தூண்டிவிட்டு, உறைகட்டிக்கு மூலப்பொருளான ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தைச் சில மணி நேரத்தில் தீர்த்துவிடுவதால் விடை அவ்வளவு தெளிவாகக் கிடைக்கும். அந்தத் தெளிவுக்குப் பழகிய கண்ணோடுதான் கிருமித்தொற்று நோயாளிகளின் இரத்தத்தையும் பல ஆண்டுகள் பார்த்துவந்தேன். அதை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

ஓர் ஐப்பசியில், நடவுக்குப் போன இடத்தில் சேற்றுக்குள் முள் குத்தி, கால் வீங்கிச் சீழ்வைத்து, குளிர்காய்ச்சலோடு ஒரு பெண்மணி சேர்க்கப்பட்டார். முதல் நாள், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் அவருக்கு 3,10,000. மறுநாள் காலையில் 1,70,000. எங்கள் அறிக்கைத்தாளில் இயல்பளவு ஒன்றரை இலட்சத்திலிருந்து நாலரை இலட்சம் வரை என்று அச்சாகியிருக்கும் என்பதால், கருவி அந்த எண்ணுக்குப் பக்கத்தில் எந்த எச்சரிக்கைக் குறியும் இடவில்லை; நானும் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டேன். அன்று மாலை 90,000 வந்தது. இரத்த அழுத்தம் இறங்கியிருந்தது, சிறுநீர் குறைந்திருந்தது, ஊசி குத்திய இடத்தில் இரத்தம் கசிந்துகொண்டே இருந்தது. பணியிலிருந்த மருத்துவர் மூன்று தாள்களையும் எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்கே வந்து, மேசையில் வரிசையாக வைத்து, “காலையிலேயே பாதிக்கு வந்துவிட்டதே அம்மா” என்று மட்டும் சொன்னார். அவர் கடிந்துகொள்ளாததுதான் என்னை அதிகம் சுட்டது.

கிருமித்தொற்றுக்கு உடம்பு கட்டுமீறி எதிர்வினை காட்டும் நிலையான செப்சிஸில் நடப்பது விரியன் கடியைப்போல ஒரே திசையில் ஓடுவதில்லை. பாக்டீரியாவைக் கண்ட வெள்ளணுக்கள் திசுக்காரணி என்ற புரதத்தைத் தம் மேற்பரப்பில் வெளிக்காட்ட, அது உறைதலைத் தொடங்கிவைக்கிறது. அதைக் கட்டுக்குள் வைக்கும் ஆன்டித்ராம்பினும் புரோட்டீன் சி-யும் குறைந்துபோகின்றன. உருவான கட்டிகளைக் கரைக்கும் வழியும் அடைபடுகிறது. சிறுநீரகத்திலும் நுரையீரலிலும் உள்ள நுண்குழாய்களை இரத்தக்கட்டிகள் அடைக்க, அவற்றுக்குச் செலவாகித் தட்டணுக்கள் குறைய, அதே உடம்பில் வேறோர் இடத்தில் இரத்தம் நிற்காமல் கசிகிறது. ஃபைப்ரினோஜன் நம்மை இன்னும் ஏமாற்றும். தொற்றின்போது கல்லீரல் அதை மிகுதியாகச் சுரப்பதால், ஒரு டெசிலிட்டருக்கு 240 மில்லிகிராம் என்ற இயல்பான அளவுகூட, மேலே ஏறியிருக்க வேண்டியது செலவாகிவிட்டதன் அடையாளமாக இருக்கலாம். அந்த அம்மாளுக்கு அன்று மாலை வந்த அளவு அதுதான். உறைய எத்தனை வினாடி ஆகிறது என்று காட்டும் புரோத்ராம்பின் நேரமோ 13 வினாடிக்குப் பதில் 19 ஆகியிருந்தது.

தட்டணுக்கள், உறைகட்டி கரையும்போது வெளிவரும் டி-டைமர், புரோத்ராம்பின் நேரம், ஃபைப்ரினோஜன் ஆகிய நான்குக்கும் மதிப்பெண் இட்டு, 5-ம் அதற்கு மேலும் வந்தால் உடலெங்கும் உறைதல் குலைந்துவிட்டது என்று கொள்ளும் முறை 2001-லிருந்து இருக்கிறது. அதற்கு முந்தைய கட்டத்தைக் கண்டுபிடிக்க 2017-ல் இன்னொரு முறையும் வந்தது. இரண்டும் பயனுள்ளவை. ஆனாலும் அன்று காலையில் வந்த 1,70,000-க்கு இரண்டு முறைகளிலும் தட்டணுவுக்கான மதிப்பெண் சுழியம்தான். முந்தைய நாளின் தாளைப் பார்த்திருந்தால் மட்டுமே அந்தச் சரிவு தெரிந்திருக்கும்.

அதன்பின், தொற்று என்று குறிப்பிட்டு வரும் ஒவ்வொரு மாதிரிக்கும் முந்தைய எண்ணைப் பதிவேட்டில் தேடி எடுத்துப் பக்கத்தில் எழுதுகிறேன். பெரிய சரிவு தெரிந்தால் உடனே வார்டுக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுவதில்லை. முதலில் என் பக்கத்துப் பிழைகளைப் பார்க்கிறேன். நீல மூடிக் குழாயில், இரத்தம் உறையாமல் தடுக்கும் சிட்ரேட் ஒரு பங்குக்கு இரத்தம் ஒன்பது பங்கு இருக்க வேண்டும். அழுத்தம் இறங்கிய நோயாளியின் நரம்பு எளிதில் அகப்படாது என்பதால் செவிலியர்கள் சில வேளை பாதிக் குழாய்தான் அனுப்புவார்கள். அதில் மிஞ்சிய சிட்ரேட்டே உறையும் நேரத்தைப் பொய்யாக நீட்டிவிடும். தட்டணுக்கள் குழாய்க்குள்ளேயே ஒட்டித் திரண்டுவிட்டால் கருவி குறைத்து எண்ணும். கண்ணாடித் தகட்டில் இரத்தத்தைத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்தால்தான் உண்மை தெரியும். இருமுறை பொய்யாகக் கூப்பிட்டுவிட்டால், மூன்றாம் முறை வார்டில் யாரும் அவசரப்பட மாட்டார்கள்.

அந்த அம்மாளுக்குப் பிளாஸ்மா ஏற்றி, காலைத் திறந்து சீழை வெளியேற்றினார்கள், ஆன்டிபயாடிக்கை மாற்றினார்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை இரத்தம் எடுக்கப் போனபோது அவருடைய மகள், “இருக்கிற இரத்தத்தையும் இப்படி எடுக்கிறீர்களே அக்கா” என்று அழுதாள். காலையில் வந்த எண்ணையும் மதியம் வந்த எண்ணையும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி, இறங்குவது நின்றிருக்கிறது என்று அவளுக்குக் காட்டினேன். அதன்பிறகு நான் போகும்போதெல்லாம் அந்தச் சீட்டை அவளே எடுத்து நீட்டினாள். ஆறாம் நாள் காலையில் தட்டணுக்கள் மறுபடியும் 1,70,000 என்று வந்தன. பக்கத்தில் முந்தைய நாளின் 1,20,000-ஐ எழுதிவிட்டுக் கையெழுத்திட்டேன்.