நானோ சிலிகா சோதிக்கப் போகிறீர்களா? தண்ணீர்க் கணக்கை நேரில் நின்று பாருங்கள்

கடலோர வேலைக்கு எம்40 தரக் கான்கிரீட்டில் பிரீகாஸ்ட் (முன்கூட்டியே வார்த்து எடுத்துப்போகும்) பாகங்கள் வார்க்கிறோம். கடல் உப்பின் குளோரைடு உள்ளே இறங்கிக் கம்பி துருப்பிடிப்பதைக் குறைக்க நானோ சிலிகா (மிக நுண்ணிய சிலிகாத் துகள்) உதவுமா என்று பார்ப்பதுதான் நோக்கம். முடிவு கைக்கு வந்துவிட்டது. ஆனாலும் முதல் சுற்று கியூப்கள் (பலம் சோதிக்க வார்க்கும் கான்கிரீட் கட்டிகள்) மொத்தமும் 28 நாள் கழித்து வீணானதில் ஏற்பட்ட எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

திரவமாக வரும் சரக்கில் பாதிக்கு மேல் தண்ணீர். சப்ளையர் தந்த சான்றிதழில் துகள் அளவு இருந்தது, தூய்மை இருந்தது, திடப்பொருள் அளவு மட்டும் இல்லை. கொஞ்சம் எடுத்து ஓவனில் 105 டிகிரியில் உலர்த்தி எடை போட்டோம்: திடப்பொருள் 30%.

சரி, கணக்குக்கு வருவோம். கன மீட்டருக்கு 400 கிலோ சிமெண்ட், அதில் 2% என்றால் 8 கிலோ சிலிகா. அதற்கு 26.7 கிலோ திரவம் ஊற்ற வேண்டும். கூடவே 18.7 லிட்டர் தண்ணீரும் கலவைக்குள் போகும். 160 லிட்டர் கலவைத் தண்ணீரில் இதைக் கழித்தாக வேண்டும். மிக்ஸ் டிசைன் தாளில் தெளிவாக எழுதியே கொடுத்திருந்தோம். கலவை போட்டுச் சோதித்த லேபில் கழிக்கவில்லை. நீர்-சிமெண்ட் விகிதம் 0.40-லிருந்து ஏறத்தாழ 0.45 ஆகிவிட்டது. பலம் குறைந்தது, "பொருத்தமில்லை" என்று ரிப்போர்ட்டும் வந்துவிட்டது!

பேட்ச் ஷீட்டை (கலவையில் எது எவ்வளவு போட்டார்கள் என்ற பதிவை) கேட்டால், "அதெல்லாம் பார்ட்டிக்குக் காட்ட மாட்டோம் சார்" என்றார்கள். விடாமல் நின்று வாங்கிப் பார்த்தேன். தண்ணீர் 160 என்றே இருந்தது. அடுத்த சுற்றைக் கட்டணம் இல்லாமல் செய்து தந்தார்கள். லேபுக்குப் பணம் கட்டும் முன்பே பேட்ச் ஷீட் நகல் வேண்டும் என்று எழுதி வாங்கிவிடுங்கள்.

இரண்டாவது சுற்றில் தண்ணீர் சரி, ஆனால் 2%-ல் கலவை பிசுபிசுவென்று இறுகி, ஸ்லம்ப் (கலவையின் இளக்கத்தைக் காட்டும் அளவு) விழுந்துவிட்டது. துகள் அவ்வளவு நுண்மையானதால் பரப்பு அதிகம், தண்ணீரைப் பிடித்துக்கொள்கிறது. அங்கே தண்ணீர் சேர்க்கவே சேர்க்காதீர்கள். பிசிஇ (தண்ணீர் கூட்டாமல் கலவையை இளக்கும் ரசாயனம்) அளவைத்தான் கூட்ட வேண்டும். சிலிகாவையும் பிசிஇயையும் ஒரே வாளியில் கலக்காதீர்கள். நாங்கள் சிலிகாவைக் கலவைத் தண்ணீரோடு விட்டு, பிசிஇயைக் கடைசியில் சேர்த்தோம். ஸ்லம்பை உடனே மட்டும் பார்த்தால் போதாது, அரை மணி, ஒரு மணி கழித்தும் பாருங்கள். நம் ஊர் வெயிலில் வித்தியாசம் அங்கேதான் தெரியும். ஒப்பிடும் சாதாரணக் கலவையும் அதே லாட் சிமெண்ட், அதே எம்-சாண்டில் இருக்க வேண்டும்.

கடைசியில் 1%-ல் நின்றோம். 7-ம் நாள் பலம் நன்றாகக் கூடியிருந்தது, 28-ம் நாளில் அந்த இடைவெளி சுருங்கியது. கியூபை மட்டும் நம்பியிருந்தால் இந்தச் செலவு எதற்கு என்று விட்டிருப்போம். 60 வோல்ட்டில் 6 மணி நேரம் ஓடும் குளோரைடு ஊடுருவல் சோதனையில்தான் பலன் தெரிந்தது: கடந்துபோன மின்னூட்டம் 1000 கூலும்புக்குக் கீழே. இது குறையக் குறைய குளோரைடு உள்ளே இறங்குவதும் குறைவு. இந்தச் சோதனைக்கு எல்லா லேபிலும் மெஷின் இருக்காது. கியூப் வார்க்கும் அன்றே தேதி வாங்கிவிடுங்கள்.