யானைமலை நரசிங்கம்: அண்ணன் தொடங்கியது, தம்பி முடித்தது

எப்படிப் போவது, என்ன செலவு, எங்கே சாப்பிடலாம் என்று வரிசையாக எழுதுவதாகத்தான் தோழிகளிடம் சொல்லியிருந்தேன். முதலில் ஆட்டோ விஷயத்தைக் கொட்டிவிடுகிறேன், ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. மதுரை மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்திலிருந்து மேலூர் சாலையில் ஒத்தக்கடை கூப்பிடு தூரம். அங்கிருந்து உள்ளே திரும்பினால் யானைமலை அடிவாரத்து ஊரான நரசிங்கம். இதற்கு 350 ரூபாய் கேட்டார் ஒருவர். "உள்ள ரோடு சரியில்லம்மா" என்றார். ரோடு நன்றாகவே இருந்தது. வெயிலுக்குப் பயந்து பேரம் பேசி 250க்கு நானும் என் தம்பியும் ஏறினோம். இறங்கும்போது, உள்ளே திரும்பியதற்குத் தனியாக 50 ரூபாய் என்று மறுபடி தொடங்கினார். மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டிய மாதம் இது, 50 ரூபாயும் எனக்குக் கணக்குதான். கொடுக்கவில்லை. நீங்கள் டவுன் பஸ்ஸில் போங்கள். சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு 2021இலிருந்து டிக்கெட்டே கிடையாது. திரும்பும்போது தம்பிக்கு மட்டும்தான் எடுத்தோம்.

சரி, கோயிலுக்கு வருகிறேன். மேலூர் சாலையில் போகிற எல்லோருக்கும் யானைமலையைத் தெரியும். 2010இல் இந்த மலையைச் சிற்ப நகரம் ஆக்கப் போகிறோம் என்று ஒரு பேச்சு கிளம்பியபோது சுற்றுவட்டார மக்கள் எதிர்த்து நின்றார்கள், திட்டம் கைவிடப்பட்டது. அவர்களுக்கு நாம் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம். மலையடிவாரத்தில், அந்தப் பாறையையே குடைந்து செதுக்கிய யோக நரசிங்கப் பெருமாள். பிரதோஷத்தன்று இங்கே நிற்க இடம் இருக்காது, பெருமாள் கோயிலில் பிரதோஷம் என்பதே இந்த ஊரின் தனிச் சிறப்பு. நாங்கள் போனது சாதாரண நாள். பட்டர் தீபத்தைத் தூக்கிக் காட்டியபோது பெருமாளின் உருவம் முன்னால் வந்து நின்றதுபோல் இருந்தது. தம்பி கண்மூடி நின்றான். நான் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்கு வேண்டிக்கொள்ளும் பழக்கம் விட்டுப்போய் வெகுநாளாகிறது.

நான் வந்தது அங்கே இருக்கும் கல்வெட்டுகளுக்காக. கிரந்த எழுத்தில் வடமொழியாக ஒன்று, வட்டெழுத்து என்ற பழைய எழுத்தில் தமிழாக இன்னொன்று. வட்டெழுத்து எனக்கு வாசிக்கத் தெரியாது, அச்சில் வந்த பாடத்தைப் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். பராந்தக நெடுஞ்சடையன் என்ற பாண்டியனுக்கு மந்திரியாக இருந்தவன் மாறன்காரி. திருநெல்வேலிப் பக்கம் இன்றைக்கு உக்கிரன்கோட்டை என்று சொல்லப்படும் கரவந்தபுரத்துக்காரன். மதுரகவி என்றும் அவனுக்கு ஒரு பெயர் உண்டு. அவன்தான் இந்தக் கற்கோயிலைக் குடைந்தான். வேலை முடிந்து நீர் தெளித்துக் குடமுழுக்குச் செய்வதற்கு முன்பே இறந்துபோனான். அதன்பின் மந்திரிப் பதவிக்கு வந்த அவனுடைய தம்பி மாறன் எயினன், முன்னால் ஒரு முகமண்டபம் எடுத்து, குடமுழுக்கையும் செய்து முடித்தான். வடமொழிக் கல்வெட்டின் காலம் கி.பி. 770.

எயினன் நினைத்திருந்தால் கோயிலைத் தன் பெயரிலேயே வெட்டிக்கொண்டிருக்கலாம். மந்திரியே அவன்தான், கேட்க ஆள் ஏது? ஆனால் கல்லில் அண்ணன் பெயர் முதலில் இருக்கிறது. அண்ணன் செய்தது இவ்வளவு, நான் செய்தது இவ்வளவு என்று பிரித்துச் சொல்லியிருக்கிறான். அதற்கு முன்னால் நின்றபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

எங்கள் அப்பா மதுரையில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோப்பவராக இருந்தார். சித்திரைத் திருவிழாவில், அழகர் மதுரைக்கு வருவதைப் பாடும் அழகர் வர்ணிப்புப் பாடுவார். பிறர் பாட்டைப் பாடிப் பாடி, கடைசிக் காலத்தில் சொந்தமாகவே ஒரு வர்ணிப்பு எழுதத் தொடங்கினார். மலையைவிட்டுப் புறப்படுவதிலிருந்து மண்டபம் மண்டபமாக அழகரைக் கூட்டிக்கொண்டு வருகிறது அது. மூன்றுமாவடி, தல்லாகுளம் என்று, மதுரை மக்கள் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை வரை வந்துவிட்டார். ஆண்டாள் மாலையைச் சூட்டிக்கொண்டு தங்கக் குதிரையில் அழகர் வைகையில் இறங்கும் இடத்துக்கு முன்னால் நோட்டு நின்றுபோய்விட்டது. அப்பா போய்விட்டார்.

நான் கதை எழுதுகிறவள். நீயே முடித்துவிடு என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். ஐம்பது வயதாகிறது, ஒரு வரிகூட எழுத முடியவில்லை. அப்பாவுக்கு இருந்த பக்தி எனக்கு இல்லை. நம்பாதவள் அழகரை ஆற்றில் இறக்கினால் அது பொய்யாகிவிடாதா என்பதுதான் என் பயம். நரசிங்கத்தில் திண்ணை நிழலில் உட்கார்ந்து தம்பியிடம் முதல்முறையாக இதைச் சொன்னேன்.

அவன் லேத்துப் பட்டறை வைத்திருப்பவன், சுற்றி வளைத்துப் பேசமாட்டான். "அக்கா, அழகரு இத்தன வருசமா தல்லாகுளத்துலயே நிக்கிறாரு. உனக்கு நம்பிக்கை இருக்கோ இல்லையோ, ஆத்தங்கரையில நிக்கிற சனத்துக்கு இருக்குல்ல? அவங்க பாக்குற மாதிரி எழுது." எத்தனையோ எழுத்தாளர்களிடம் பேசியிருக்கிறேன், ஒருவரும் எனக்கு இப்படி வழி சொன்னதில்லை.

மலையின் இன்னொரு பக்கம் லாடன் கோயில் என்று முருகனுக்கு ஒரு சிறிய குடைவரை உண்டு. கம்பிக் கதவு பூட்டியிருந்தது, திறக்க ஆள் இல்லை. இடுக்கு வழியாகப் பார்த்துவிட்டு வந்தோம். இவ்வளவு பழைய இடத்தில் சாவி யாரிடம் என்று ஒரு பலகையாவது வைக்கக் கூடாதா?

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சாயங்காலம் மதுரைக்குள் வந்து தெருவோர வண்டியில் பருத்திப்பால் குடித்தோம். பருத்திக்கொட்டையை ஆட்டிப் பிழிந்த பாலில் கருப்பட்டியும் சுக்கும் சேர்த்துக் காய்ச்சியது, தொண்டையில் காரமாக இறங்கியது. அலைந்த களைப்பெல்லாம் போய்விட்டது. இதற்கு ஈடு எந்தக் குளிர்பானக் கடையிலும் கிடையாது, விலையும் கையைக் கடிக்காது.

வண்டியருகில் நின்றே பேசி முடித்தோம். முதல் பக்கத்தில் அப்பா பெயர், எதிர்சேவை வரை அவர் எழுதியது என்று. அதற்குக் கீழே என் பெயர், ஆற்றில் இறங்குவதிலிருந்து. அப்பாவோடு திருவிழாவுக்குப் போய்ப் போய் மெட்டெல்லாம் தம்பிக்குத்தான் மனப்பாடம். ஒவ்வொன்றாகப் பாடி, கைபேசியில் பதிந்து அனுப்புவதாகச் சொன்னான். நேற்றிரவு முதலாவது வந்துவிட்டது. பின்னால் லேத்து ஓடும் சத்தமும் கேட்கிறது.